பேனருக்குப் பின்னால் மலை

உன் டப்பாவைத் திறந்ததும் பாச்சை உருண்டை வாசனை வந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்துத்தான் திறந்தேன். முதலில் வந்தது பொறாமை. கறுப்பு நூல்கண்டுகள் அத்தனையும் நுனி பிரியாமல், ஒவ்வொரு முனையும் பக்கவாட்டில் செருகப்பட்டு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரேயருக்கு நிற்பதுபோல நின்றன. என் கலர் சாக்பீஸ் டப்பாவைத் திறந்தால் எல்லா நிறமும் உடைந்து கலந்து ஒரே சாம்பல் தூளாக இருக்கும். செத்த பிறகும் இவளால் எப்படி இவ்வளவு ஒழுங்காக இருக்க முடிகிறது என்று எரிச்சல்தான் வந்தது.

உன் வீட்டுக்காரர் அந்த டப்பாவைப் பயிற்சிக் கூடத்தில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மேற்பார்வையாளர் மேடம் என்னைக் கூப்பிட்டு அதை என் கையில் வைத்து, வியாழக்கிழமை கலை ஆசிரியர் பயிற்சிக்கு நீங்கள்தான் கருத்தாளர் என்றார். கருத்தாளர், முன்னால் நின்று பயிற்சி நடத்துகிறவர். அந்தச் சொல்லுக்காக நான் எத்தனை வருஷம் ஏங்கினேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நடந்துகொள்வாய், அது வேறு. கடைசியில் அது எப்படி வந்தது பார். பந்தியில் ஒருவர் எழுந்துபோன இடத்தில் இலையைக்கூட மாற்றாமல் உட்கார வைத்த மாதிரி வந்தது.

நானும் நீயும் ஒரே பள்ளிக்கூடத்தில் பகுதி நேர ஆசிரியைகள். வாரத்தில் மூன்று அரை நாள். நான் ஓவியம், நீ தையல். நீ சிங்கவரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து செஞ்சி பஸ் ஸ்டாண்டில் அதை நிறுத்துவாய். அங்கிருந்து இரண்டு பேரும் வல்லம் பஸ் ஏறுவோம். எனக்கு நீ வைத்த பெயர் டிராயிங்கு. உனக்கு நான் வைத்தது தையலு. "இன்னா டிராயிங்கு, சாப்டியா?" என்று நீ கேட்பது பஸ்ஸின் பின் சீட்டு வரை கேட்கும். யாரைப் பார்த்தாலும் நீ அப்படித்தான் கேட்பாய், கண்டக்டர் உட்பட. எனக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த காலமும் உண்டு.

படம் வரைவதில் உனக்கும் எனக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. நான் ஓவியத்தில் ஹையர் கிரேடு பாஸ் பண்ணியவள். நீ ஜாக்கெட் கை வெட்டக் கோடு போட்டால்கூட அது நேராக இருக்காது. கத்திரிக்கோல்தான் அதைச் சரிசெய்து கொடுக்கும். அப்படிப்பட்ட நீ, விழுப்புரம், திண்டிவனம், அப்புறம் சென்னை வரை போய், என்னைப் போன்ற ஓவிய ஆசிரியர்களுக்கு மலை வரையச் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தாய். இதில் வயிறு எரியாவிட்டால் நான் மனுஷியே இல்லை.

அதெல்லாம் ஆரம்பித்த நாளை எடுத்துக்கொள். அதுவரை பயிற்சி என்றால் எங்களுக்கு என்ன வேலை? தமிழுக்கும் கணக்குக்கும் பயிற்சி நடக்கும். டிராயிங் டீச்சரைக் கூப்பிட்டு, போர்டில் வருக வருக என்று எழுதச் சொல்வார்கள். ஓரத்தில் பூ போடச் சொல்வார்கள். சார்ட்டில் தலைப்பு எழுதச் சொல்வார்கள். அதோடு சரி. பிறகு பின் வரிசையில் உட்கார்ந்து டீ வரும் வரை கொட்டாவி விடுவோம். முதல் முறையாக, கலை ஆசிரியர்களுக்கே பயிற்சி என்று ஒரு நாள் வைத்தார்கள். ஓவியம், தையல், பாட்டு, அப்புறம் பள்ளிக்கூடங்களுக்கு வந்து பம்பையும் கோலாட்டமும் சொல்லிக்கொடுக்கும் நான்கைந்து பேர். நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தேன். நீ தினம் கட்டும் நூல் புடவையில் வந்தாய்.

அன்றைக்கும் போர்டில் நான்தான் எழுதினேன். விழுப்புரத்திலிருந்து வரவேண்டிய கருத்தாளர் பெயரை மூன்று நிறத்தில் நிழல் கொடுத்து எழுதி முடித்தபோது, அவரால் மத்தியானம்தான் வர முடியும் என்று போன் வந்தது. மேடத்துக்கு டென்ஷன். யாராவது எழுந்து ஏதாவது செய்யுங்களேன் என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். நான் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். ஹையர் கிரேடு முடித்தவள், நானாகவா எழுந்து போவது, பெயர் சொல்லிக் கூப்பிடட்டும் என்று. நீ கூப்பிடாமலே எழுந்துவிட்டாய்.

மூலையில் போன வருஷத்துப் பயிற்சி பேனர் சுருட்டி வைத்திருந்தது. அதைப் பிரித்து, மாடி ஹாலின் பெரிய கண்ணாடி ஜன்னலை மறைத்துக் கட்டினாய். அந்த ஜன்னலைத் திறக்கவே வேண்டாம், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை முழுசாக நிற்கும். பேனர் கட்டியதும் ஹால் இருட்டிப்போனது. நீ சொன்னாய்:

"இதுக்குப் பின்னாடி ஒரு மலை இருக்குதுல்ல, அதப் போடுங்க. எட்டிப் பாக்கக் கூடாது."

எல்லோரும் சிரித்தார்கள். செஞ்சிக்காரனுக்கு மலையா, மீன் குஞ்சுக்கு நீச்சலா என்று பம்பைக்காரர் கேட்டார். நானும் சிரித்தேன். எல்லோருக்கும் முன்னால் முடித்தது நான்தான். சும்மா முடிக்கவில்லை, நிழல்கூடக் கொடுத்திருந்தேன்.

நீ தாள்களை வாங்கித் தரையில் பரப்பி வைத்தாய். பிறகு பேனரை அவிழ்த்தாய்.

தரையில் இருந்த அத்தனை தாளிலும் இரண்டு முக்கோணம். நடுவில் பாதி சூரியன். கீழே வளைந்து வளைந்து ஓர் ஆறு. ஓரத்தில் தென்னை மரம். ஜன்னலுக்கு வெளியே நின்ற ராஜகிரியில் முக்கோணமும் இல்லை, கூரிய முனையும் இல்லை. யாரோ லாரி லாரியாகப் பாறையைக் கொட்டிவிட்டுப் போனதுபோல உருண்டை மேல் உருண்டையாகக் குவிந்து, உச்சியில் மட்டும் செங்குத்தாக ஒரு கல் எழுந்து நிற்கிறது. அந்த ஜன்னலில் ஆறு எங்கே தெரிகிறது? பிறந்ததிலிருந்து அந்த மலையடியில் இருக்கும் நாங்கள் அத்தனை பேரும், என்றைக்கோ எவனோ போர்டில் போட்டுக்காட்டிய மலையைத்தான் போட்டிருந்தோம். அதையேதான் எங்கள் பிள்ளைகளுக்கும் போட்டுக்காட்டிக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஏன் கூடுதலாகச் சுட்டது என்று உனக்குத்தான் தெரியும். முந்தின நாள் பஸ்ஸில் உன்னிடம் புலம்பியவள் நான். "செஞ்சில பொறந்த பசங்க, மலைன்னா முக்கோணம் போடுதுங்க பாரு, தலையில அடிச்சிக்கலாம் போல இருக்குது" என்றேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீ போட்டா எப்படிப் போடுவ?" என்று கேட்டாய். நான் டிராயிங் டீச்சர், என்னைப் பார்த்து இதைக் கேட்கிறாயா என்று சிரித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டுதான் மறுநாள் பேனரைக் கட்டினாய். யோசனை என் வாயிலிருந்து விழுந்தது. அதைப் பொறுக்கி எடுத்துத் தைத்து மாட்டிக்கொண்டவள் நீ.

அப்புறம் கைப்பையிலிருந்து நூல் டப்பாவை எடுத்துப் பெஞ்சில் வைத்து, கறுப்பு நூலை எடுத்தாய். ஒரு முழம் வெட்டி, ஊசியில் கோக்கும்போது செய்வதுபோல வாயில் வைத்து நனைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மலையின் ஓரம் எங்கெங்கே போகிறதோ அங்கங்கே நூலைக் கண்ணாடியில் ஒட்டினாய். ஈர நூல் கண்ணாடியில் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. ஒவ்வொரு பாறைக்கும் நூல் ஒரு முறை ஏறி இறங்கியது. உனக்கு ஒரு கோடு நேராக வராது. ஆனால் அன்றைக்குக் கண்ணாடியில் ராஜகிரி அச்சு அசலாக வந்துவிட்டது. எல்லோரும் ஆளுக்கொரு முழம் நூல் கேட்டு உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். மேடம் கைதட்டினார். போர்டில் நான் மூன்று நிறத்தில் எழுதிய பெயர் யாரும் பார்க்காமல் கிடந்தது.

சாப்பாடு வந்தது. எல்லோரும் கீழே போனார்கள். நான் போகவில்லை. என் முக்கோணத்தைக் கசக்கிப் போட்டுவிட்டு, புதுத் தாள் எடுத்துக்கொண்டு ஜன்னல் அருகே போனேன். நூலும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கையாலேயே போட்டுக்காட்டுகிறேன் என்று வீம்பு. பாறை பாறையாகப் போட்டேன், அழித்தேன், போட்டேன். ஒவ்வொரு பாறைக்கும் உன்னை மனசுக்குள் திட்டினேன். வாசற்படி வரை போன நீ ஒரு முறை திரும்பிப் பார்த்தாய். பார்த்துவிட்டு, பாட்டு டீச்சர் தோளில் கைபோட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டாய்.

கண்டக்டரிடம்கூடச் சாப்டியா என்று கேட்பவள் அன்றைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிடவில்லை.

இதை நான் உன்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. ஆனால் மறந்ததும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் உன் நூல் டப்பா மேல் ஒரு தக்காளி சாதப் பொட்டலம் இருந்தது. ஆள் குறைந்து மிஞ்சிய பொட்டலம் என்று நினைத்தேன். பசிதான். ஆனாலும் உன் டப்பா மேல் கிடந்த மிச்சத்தை எடுத்துத் தின்பேனா நான்? தொடவில்லை. சாயங்காலம் நீ வந்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாய்.

அதன்பிறகு நீ பெரிய ஆளாகிவிட்டாய். எங்கே பயிற்சி என்றாலும் செஞ்சி தையல் டீச்சரைக் கூப்பிடு என்றார்கள். உன்னை வரவேற்றுப் போர்டில் எழுதும் வேலை எனக்கே வந்தது. உன் பெயரை நிழல் கொடுத்து எழுதும்போது ஒரு முறை ஒரு எழுத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக எழுதினேன். நீ வந்து பார்த்துவிட்டு, உன் கை பட்டால் கோணலும் அழகுதான் டிராயிங்கு என்றாய். அப்படிச் சொல்கிறவளை என்ன செய்வது? ஒவ்வொரு பயிற்சியிலும் உனக்கு ஒரு சணல் பை கொடுப்பார்கள். அதில் ஒன்றை எனக்குத் தருவாய். நான் அதில் வெங்காயம் போட்டு வைத்தேன். இன்னும் அதில்தான் வெங்காயம் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட எனக்குப் பொறுக்காதது இன்னொன்று. எங்கள் பள்ளிக்கூடத்தில் படம் போட்ட பிள்ளைகள் அதை முதலில் உன்னிடம்தான் ஓடிவந்து காட்டும். என்னிடம் காட்டினால் நான் பென்சிலை வாங்கித் திருத்துவேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இது எங்கே நின்று பார்த்தது என்று கேட்பாய். அந்தப் பிள்ளை உன்னை அந்த இடத்துக்கே இழுத்துக்கொண்டு போகும். நானும் அதேபோலக் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். உன்னைப் பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று யாருக்கும் தெரியக்கூடாது என்பதற்காக நீ வராத நாளில் மட்டும். பயிற்சிக்கு மறுநாள் என் வகுப்பை மதில் ஓரம் கூட்டிப்போய் நிற்கவைத்ததும் அப்படித்தான். அங்கிருந்து மலை உள்ளங்கை அகலம்தான் தெரியும். "மிஸ், மலைக்கு முனையே இல்ல மிஸ்" என்று ஒரு பெண் கத்தினாள். நான் போட்டுக்கொடுத்த மலையை அதுவரை நம்பியிருந்தவள் அவள். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, உன்மேல் ஆத்திரமாகவும் இருந்தது.

போன ஆடியில், பயிற்சிக்குக் கிளம்பித் தலை சீவிக்கொண்டிருந்தபோதே உனக்கு மாரடைப்பு வந்துவிட்டது. சாவு வீட்டில் எனக்குத் தெரியாத ஊர்களிலிருந்தெல்லாம் டீச்சர்கள் வந்து அழுதார்கள். ஒவ்வொருத்தியும் தான்தான் உனக்கு நெருக்கம் என்பதுபோல அழுதாள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள்மேல் எனக்கு வந்த கோபத்தில் அழுகை பின்தங்கிவிட்டது.

வியாழக்கிழமை வந்தது. அதே மாடி, அதே ஜன்னல். போர்டில் என் பெயரை நானே எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. உன் வழியையே எடுப்பதா, என் வழி என்று ஒன்று இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பேனரை எடுத்துக் கட்டி, மலையைப் போடச் சொன்னேன். இப்போது வந்திருப்பவர்களில் பாதிப் பேர் புதுசு. இது அவர்களுக்குத் தெரியாது. முன் வரிசையில் ஒரு டிராயிங் மாஸ்டர், வேறு ஒன்றியத்துக்காரர், ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். கை கட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு பார்ட் டைம் பொம்பளை எனக்குச் சொல்லிக்கொடுக்கிறதா என்று அவர் முகமே பேசியது. அந்த முகத்தை நான் உள்ளே இருந்து அறிவேன்.

டீ நேரத்தில் ஒரு பாட்டு டீச்சர் என்னிடம் வந்தாள். திண்டிவனத்தில் உன் பயிற்சிக்கு வந்தவளாம். நீ எப்போதும் சொல்லும் கதையை நான் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். எந்தக் கதை என்றேன்.

"அதான் மிஸ், மலையடிவாரத்துலயே பொறந்து வளந்த டிராயிங் டீச்சராம், பெரிய பாஸெல்லாம் பண்ணவங்களாம். பேனர மாட்டிட்டு மலையப் போடச் சொன்னா, நிழலெல்லாம் குடுத்து ரெண்டு முக்கோணம் போட்டாங்களாம்."

டீ டம்ளரைக் கீழே வைத்தேன். ஊர் ஊராக, மேடை மேடையாக, என் முக்கோணத்தையா நீ விற்றுக்கொண்டிருந்தாய்? நிழல் கொடுத்ததைக்கூட விடவில்லை. அந்த நிமிஷம் நீ உயிரோடு எதிரில் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று சொல்ல முடியாது. அந்தப் பாட்டு டீச்சருக்கு அது நான்தான் என்று தெரியவில்லை. அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள்.

"அப்பறம்தான் மிஸ் கதையே. எல்லாரும் சோத்துக்குப் போயிட்டாங்களாம், அவங்க மட்டும் ஜன்னலாண்டயே நின்னு, மறுபடி மறுபடி போட்டுக்கினு இருந்தாங்களாம். கூப்டலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சாம். கூப்டா அந்த எரிச்சல் அடங்கிப்பூடும், அதுல அவங்க போடற மலை எனக்கு வேணும்னு, கூப்ட வந்தவங்களயும் இழுத்துக்கினு இறங்கிட்டேன்னு சொல்வாங்க. எந்த டிரெய்னிங்லயும் அப்பிடி ஒருத்தர் சோத்துக்கு வராம நின்னாதான் அன்னிக்கு வந்ததுக்கு அர்த்தம்னு சொல்லிட்டு, கண்ணத் தொடச்சிக்குவாங்க மிஸ்."

எரிச்சல் என்றுதான் சொன்னாயாமே. ஆர்வம் என்று மெழுகவில்லை, அடக்கம் என்று பூசவில்லை. நான் மறைத்து வைத்திருந்ததாக நினைத்த அந்த ஒன்றை, அதன் சொந்தப் பெயரிலேயே சொல்லியிருக்கிறாய். ஆக, அத்தனை வருஷமும் உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சணல் பை கொடுத்தாய்.

டீ முடிந்து வந்து தாள்களைத் தரையில் பரப்பினேன், பேனரை அவிழ்த்தேன். புதியவர்கள் தாளில் அதே முக்கோணங்கள். மாஸ்டருடையதில் சூரியனுக்குக் கதிர்கூட ஸ்கேல் வைத்துப் போட்டது. உன் டப்பாவிலிருந்து நூலை எடுத்து நனைத்துக் கண்ணாடியில் ஒட்டினேன். உனக்கு வந்த அளவு எனக்கு வரவில்லை. உச்சிக் கல் இரண்டு முறை நழுவியது. எல்லோரும் நூல் கேட்டு வந்தார்கள். மாஸ்டர் வரவில்லை. சாப்பாடு வந்தது என்று கீழேயிருந்து குரல் கேட்டதும் ஹால் காலியானது. அவர் மட்டும் புதுத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய் நின்றார். தோள் விறைப்பாக இருந்தது. ஒவ்வொரு கோட்டுக்கும் என்னைத் திட்டிக்கொண்டிருந்தார் என்று சத்தியம் செய்வேன்.

பாட்டு டீச்சர் அவரைக் கூப்பிட வாயைத் திறந்தாள். நான் அவள் தோளில் கைபோட்டு இறக்கிக் கூட்டிப்போய்விட்டேன்.

கீழே சாப்பாட்டுப் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. எல்லோருக்கும் கொடுத்த பிறகு, என்னுடையதும் மாஸ்டருடையதும் தவிர மீதி எதுவும் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பயிற்சிக்கு எப்போதும் ஆள் எண்ணித்தான் பொட்டலம் வரும். மிஞ்சாது. அன்றைக்கு உன் டப்பா மேல் இருந்தது மிச்சமில்லை, என் பங்கு. யாரும் பார்க்காத நேரத்தில் நீ மறுபடி மாடி ஏறி வந்து, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனது.

என் பங்குப் பொட்டலத்தோடு அவருடையதையும் எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாஸ்டர் திரும்பவில்லை. உன் டப்பா மேல் ஒன்றை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே, படிக்கட்டில் உட்கார்ந்து என்னுடையதைப் பிரித்தேன்.

உன்மேல் இருந்த பொறாமை தீர்ந்துவிட்டது என்று நினைத்துவிடாதே. அது என்னிடம்தான் இருக்கிறது, உன் டப்பாவைப் போலவே பத்திரமாக. அதை வைத்துத்தான் இத்தனை காலம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். இனிமேலும் அதுதான் எனக்கு வழி.

கொஞ்ச நேரத்தில் உள்ளே காகிதம் சரசரத்தது. எட்டிப் பார்த்தேன். மாஸ்டர் இடது கையில் பொட்டலத்தைப் பிடித்துத் தின்றுகொண்டே, வலது கையால் அடுத்த பாறையைப் போட்டுக்கொண்டிருந்தார். நீ வைத்ததை நான் தொடவில்லை. நான் வைத்ததை அவர் எடுத்துச் சாப்பிடுகிறார். அவர்மேலும் எனக்குப் பொறாமையாக இருந்தது, தையலு.